துண்டுச் சோலைக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதுவது எப்படி: உயிரினங்கள் செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு காட்டுத் துண்டைக் காப்பாற்றத் திட்டம் எழுத உட்கார்ந்தால் முதலில் தயாராவது பெயர்ப்பட்டியல். எத்தனை பறவை, எத்தனை பாலூட்டி, எத்தனை மரவகை, அவற்றில் அழியும் நிலையில் உள்ளவை என்று சிவப்புப் பட்டியலில் இருப்பவை எவை என்று நான்கு பக்கம் நிரம்பிவிடும். பட்டியல் தேவைதான். ஆனால் அதை மட்டும் வைத்து எழுதிய திட்டத்தில் அந்தக் காடு நாளையும் காடாக இருக்குமா என்ற கேள்விக்கு விடை இருக்காது. பெரிய விதைகளை இன்று யார் சுமக்கிறார்கள்? சாணத்தை யார் மண்ணுக்குள் கொண்டுபோகிறார்கள்? பழமில்லாத மாதங்களில் விலங்குகளுக்குச் சோறு போடுவது எந்த மரம்? இந்த வேலைகள் நின்றுபோனால், மரங்கள் பச்சையாக நிற்கும்போதே காட்டின் அடுத்த தலைமுறை இல்லாமல் போய்விடும்.

வேலைகளை அளந்து, அதிலிருந்து திட்டத்தை எழுதும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறோம். எடுத்துக்காட்டாக ஆனைமலையின் வால்பாறைப் பீடபூமியை வைத்துக்கொள்கிறோம். தேயிலை, காபித் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டின் மிச்சங்கள் துண்டுத் துண்டாக நிற்கும் இடம் அது. சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களும் வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. கோயில் காடோ ஏரிக்கரையோ முள்காடோ எதுவானாலும் முறை இதுதான். பெயர்கள் மாறும்.

தொடங்குமுன் ஒன்று. காப்புக்காட்டுக்குள் எந்த அளவெடுப்புக்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தோட்ட நிலத்தில் உள்ள துண்டுகளுக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உள்ளூர் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருந்தால் அதை வாங்கிப் படியுங்கள். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், அதற்கு யார் வருவார்கள் என்பது பல நேரம் அங்கேயே எழுதியிருக்கும்.

முதல் படி: வேலைகளை எழுதுங்கள், பெயர்களைப் பிறகு

வெற்றுத்தாளின் இடப்பக்கத்தில் அந்தக் காட்டில் நடந்தாக வேண்டிய வேலைகளை மட்டும் எழுதுங்கள். மழைக்காட்டுத் துண்டுக்கு எங்கள் பட்டியல் இப்படி இருக்கும்:

- சிறு விதை பரப்புதல் (5 மில்லிமீட்டருக்குக் கீழ்)
- நடுத்தர விதை பரப்புதல் (5 முதல் 15 மி.மீ.)
- பெரு விதை பரப்புதல் (15 மி.மீ.க்கு மேல்)
- மகரந்தச் சேர்க்கை: பகலில், இரவில்
- பஞ்ச மாத உணவு (பழம் அரிதான மாதங்களில் விலங்குகளுக்குக் கிடைப்பது)
- மரப்பொந்து உண்டாக்குதல்
- சாணம் புதைத்தல், பிணம் அகற்றுதல், சருகு மக்கவைத்தல்
- கன்று மேய்தல், விதை தின்னுதல்
- மேய்பவற்றையும் விதை தின்பவற்றையும் வேட்டையாடிக் கட்டுக்குள் வைத்தல்
- நிழலும் ஈரமும் தந்து பிற கன்றுகளை வளர்த்தெடுத்தல்

விதை பரப்புதலை மூன்றாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான திட்டங்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். ‘பழம் தின்னும் பறவைகள்: 14 வகை’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். சின்னான்களும் குக்குறுவான்களும் சிறு விதைகளை அள்ளிச் செல்லும். கருங்குங்கிலியத்தின் விதையை விழுங்க அவற்றின் வாய் கொள்ளாது. அதற்குப் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை வேண்டும். காட்டு ஜாதிக்காயின் விதையைச் சுற்றியுள்ள சிவந்த பத்திரிக்கு இருவாச்சியும் பெரிய காட்டுப்புறாவும் வரும், சின்னானால் அந்த விதையைச் சுமக்க முடியாது. அலகின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் அந்தப் பறவையின் வேலை எல்லை.

மகரந்தச் சேர்க்கையை இரவு, பகல் என்று பிரித்ததும் அதே காரணத்தால்தான். கணக்கெடுப்புகள் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடிந்துவிடுகின்றன. மரநாயும் பழந்தின்னி வௌவாலும் அதற்குள் தூங்கப் போயிருக்கும். ஆகவே இரவில் உழைக்கும் உயிரினங்கள் பல திட்டங்களில் ஆளே இல்லாத வேலைகளாகிவிடுகின்றன.

இரண்டாம் படி: யார் செய்கிறார்கள், எப்படித் தெரியும்

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அந்த இடத்தில் அதைச் செய்யும் உயிரினங்களை எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் சான்றின் தரத்தையும் போடுங்கள். இதே துண்டில் நேரில் பார்த்தது ‘அ’. அதே உயிரினம் வேறிடத்தில் செய்வதாகப் பதிவானது ‘ஆ’. நெருங்கிய இனத்தை வைத்து ஊகித்தது ‘இ’. ‘இ’ மட்டுமே உள்ள வேலைகளை நிரம்பியதாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஒரு உயிரினத்தின் வேலை இடத்துக்கு இடம் மாறும். 1960களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளில் சூழலியலாளர் ராபர்ட் பெயின் ஒரு வகை நட்சத்திர மீனைத் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார். அந்த மீன் தின்று கட்டுப்படுத்தி வைத்திருந்த சிப்பிகள் பாறையை மூடிக்கொண்டன. 15 வகை உயிரினங்கள் இருந்த இடத்தில் 8 மட்டும் மிஞ்சின. இப்படி ஒன்று போனால் மற்றவையும் குலையும் உயிரினத்துக்கு 1969இல் அவர் முன்வைத்த அச்சாணி உயிரினம் என்ற கருத்து அதன்பின் எல்லாத் திட்டங்களிலும் புகுந்தது. ஆனால் பிற்காலத்தில் அதே நட்சத்திர மீனை வேறு கரைகளில் ஆராய்ந்தபோது, அலை மோதும் பாறைகளில் அதன் பிடி வலுவாகவும் அலை அடங்கிய இடங்களில் வலுவற்றும் இருந்தது. ஒரு இடத்தின் அச்சாணி அடுத்த இடத்திலும் அச்சாணிதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டிலேயே இன்னொன்று: புள்ளிமான் தமிழகக் காடுகளில் இயல்பான மேய்ச்சல் விலங்கு. வேட்டையாட ஆளில்லாத அந்தமான் தீவுகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுபோய் விடப்பட்ட அதே மான், கன்றுகளைத் தின்று காட்டின் மறுவளர்ச்சியையே தடுத்துக்கொண்டிருக்கிறது.

அட்டவணையின் ஒரு வரி முடிவில் இப்படி இருக்க வேண்டும்: ‘பெரு விதை பரப்புதல், பெரிய இருவாச்சி (அ), பெரிய காட்டுப்புறா (அ), மரநாய் (ஆ, சில பழங்களுக்கு மட்டும்), உச்ச மாதங்கள் பிப்ரவரி முதல் மே, துண்டு 3இல் இவற்றில் ஒன்றும் பதிவாகவில்லை.’ கடைசிச் சொற்றொடரை எழுதாமல் விடாதீர்கள். திட்டம் பிறக்கும் இடம் அதுதான்.

காடர், முதுவர், மலசர் போன்ற மலைமக்களிடம் இந்த அட்டவணையைக் காட்டித் திருத்தி வாங்குங்கள். வாழச்சால் பகுதியில் இருவாச்சிக் கூடுகளைக் கண்டறிந்து கண்காணிப்பவர்கள் காடர்களே. அவர்களுடைய நேரத்துக்குக் கூலி ஒதுக்குங்கள். கூடு இருக்கும் மரத்தின் சரியான இடத்தைப் பொது அறிக்கையில் அச்சிடாதீர்கள்.

மூன்றாம் படி: வேலை உண்மையில் நடக்கிறதா என்று அளப்பது

ஒரு உயிரினம் அங்கே இருக்கிறது என்பதும் அதன் வேலை நடக்கிறது என்பதும் வேறு வேறு. எண்ணிக்கை குறைந்துபோன உயிரினம் பட்டியலில் இருக்கும், காட்டில் அதன் வேலை நின்றிருக்கும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் வெளியிட்ட பசுமை நிலை மதிப்பீட்டு நெறி, ஓர் இனம் முழுதாக மீண்டதாகக் கொள்ள மூன்று கேட்கிறது: அது வாழ்ந்த பகுதிகள் எங்கும் இருக்க வேண்டும், அழிந்துவிடாத எண்ணிக்கையில் இருக்க வேண்டும், தன் சூழல் வேலையைச் செய்ய வேண்டும். மூன்றாவதை அளக்காமல் முதல் இரண்டோடு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கிறது. கீழே உள்ள அளவைகளுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

பழமரக் காவல். நன்றாகப் பழுத்த மரம் ஒன்றின் அடியிலிருந்து 20, 25 மீட்டர் தள்ளி மறைவாக உட்காருங்கள். காலை 6 முதல் 10 வரை, மாலை 3 முதல் 6 வரை. வந்த உயிரினம், இருந்த நிமிடம், முழுதாக விழுங்கிய பழங்கள், கொத்திப்போட்டவை, அதே மரத்தடியில் துப்பியவை, கடித்து நொறுக்கிய விதைகள் என ஆறு பத்தி போதும். ஒரு மரவகைக்கு ஐந்து மரங்களாவது பார்க்க வேண்டும். இரவுக்குத் தானியங்கிக் கேமராவைக் கிளை மட்டத்தில் கட்டுங்கள். தரையில் கட்டினால் விழுந்த பழத்தைத் தின்னும் முள்ளம்பன்றியும் எலியும்தான் பதிவாகும்.

கணக்கு எளிது: வருகை × ஒரு வருகைக்கு விழுங்கிய விதை. கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். சின்னான் 30 முறை வந்து பழத்தைக் கொத்தியது, விதையை விழுங்கவில்லை: 0. இருவாச்சி 2 முறை வந்து தலா 10 விழுங்கியது: 20. மலையணில் 5 முறை வந்து தலா 8 விதையை நொறுக்கியது: மரத்தின் கணக்கில் 40 இழப்பு. வருகையை மட்டும் எண்ணியிருந்தால் சின்னான்தான் முதலிடம் பிடித்திருக்கும்.

விதை வலை. ஒரு சதுர மீட்டர் அளவில், 1 மி.மீ. கண்ணுள்ள நைலான் வலையை நான்கு கம்பில் கட்டித் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் காற்றில் கவிழாது. துண்டுக்குப் பத்து வலையாவது வேண்டும். கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை காலி செய்யுங்கள். தாமதித்தால் விதை வலையிலேயே அழுகும் அல்லது முளைத்துவிடும். ஒவ்வொரு விதைக்கும் ஒரே கேள்வி: இதன் தாய்மரம் வலைக்கு மேலே இருக்கிறதா? இல்லையென்றால் யாரோ சுமந்து வந்த விதை அது. அந்த எண்தான் உங்களுக்கு வேண்டும்.

கன்றுச் சதுரம். பெரிய விதை மரம் ஒவ்வொன்றின் அடியிலும் 1 × 1 மீட்டரில் மூன்று சதுரங்கள், 20 மீட்டருக்கு அப்பால் மூன்று சதுரங்கள். ஒரு மீட்டரைத் தாண்டிய இளமரங்களுக்கு 5 × 5 மீட்டர். தாயடியில் நூறு முளையும் அப்பால் ஒன்றுமில்லாமலும் இருந்தால் சுமப்பவர் இல்லை. அப்பாலும் முளைகள் இருந்து, முழங்கால் உயரக் கன்று மட்டும் இல்லையென்றால் மேய்ச்சலோ நிழல் குறைவோ களையோ காரணம். இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு வேலி போட்டால் பணம் வீண், இரண்டாவதற்கு நாற்று நட்டால் நாற்று வீண்.

சாணச் சோதனை. 200 கிராம் புதுச் சாணத்தைக் காலை 7 மணிக்குத் தரையில் வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு 200 கிராமை, சாணவண்டு நுழைய முடியாத நுண்வலையால் மூடி, கீழேயும் வலை விரித்து வையுங்கள். 24 மணி நேரம் கழித்து மண்ணைத் தட்டிவிட்டு இரண்டையும் எடைபோடுங்கள். மூடியதில் 170 கிராமும் திறந்ததில் 70 கிராமும் மிஞ்சினால், 30 கிராம் வெயிலில் உலர்ந்தது, 100 கிராம் வண்டுகளின் உழைப்பு. மூடிய சோதனை இல்லாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. மழை பெய்த நாளின் அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடற்புழு மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தை எடுக்காதீர்கள்; சில மருந்துகள் சாணத்தின் வழியே வெளியேறி வண்டுப்புழுக்களைக் கொல்லும். அந்த மருந்து ஊர் மாடுகளுக்கு எப்போது, எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் திட்டத்தில் எழுதுங்கள்.

மகரந்தத்துக்கு ஒரு மரத்தில் மொட்டுள்ள 10 கிளைகளை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள், 10 கிளைகளைத் திறந்துவிட்டு நூல் கட்டி அடையாளமிடுங்கள். காய்ப்பிடிப்பின் வித்தியாசம்தான் வெளியாட்களின் பங்கு.

பழ நாட்காட்டி. மேலே சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் ஆளும் பணமும் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முக்கிய மரவகை ஒவ்வொன்றிலும் 10 மரங்களுக்கு எண் தகடு கட்டி, மாதத்தில் அதே வாரத்தில் பைனாகுலரால் பார்த்து, பூ, காய், பழம் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பிடுங்கள்: ஒன்றுமில்லை, கால்வாசி வரை, அரைவாசி வரை, முக்கால்வாசி வரை, முழுதும். தகட்டை அடிக்கும் ஆணியை முழுதாக இறக்கவேண்டாம், மரம் பருக்க இடம் விடுங்கள். ஓராண்டுப் பதிவோடு நிறுத்தாதீர்கள். வெடிப்பலா போன்ற மழைக்காட்டு மரங்கள் ஓராண்டு கொட்டும், அடுத்த ஆண்டு கைவிரிக்கும்.

இந்த நாட்காட்டியில் வெற்றாகக் கிடக்கும் மாதங்கள் எவை என்று பாருங்கள். அந்த மாதங்களில் பழுப்பது பெரும்பாலும் அத்தி வகைகளாகத்தான் இருக்கும். ஆல், இச்சி, கல்லால், அத்தி எல்லாம் ஒரே குடும்பம்; ஒரே வகையின் மரங்கள்கூட ஒன்றாகப் பழுப்பதில்லை. அதனால் ஆண்டு முழுவதும் எங்கோ ஒரு மரத்தில் பழம் இருக்கும். ஒவ்வொரு அத்திக்கும் அதற்கே உரிய சிறு குளவி மகரந்தம் கொண்டுவர வேண்டும். அந்தக் குளவி சில நாள்தான் வாழும் என்பதால், சுற்றுவட்டாரத்தில் எப்போதும் எங்காவது ஒரு மரம் பிஞ்சுவிட்டாக வேண்டும். துண்டுக்கு ஓர் அத்தியைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியடைய முடியாததன் காரணம் இதுதான். வெடிப்பலாவும் இதே கணக்கில் வரும். ஆண்டின் தொடக்க மாதங்களில் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும் அதன் சதைப்பற்றான பூவைச் சிங்கவால் குரங்கு, மலையணில், மரநாய், வௌவால் எல்லாம் தேடி வரும். அதன் முள்ளுக்காயின் விதையும் சிங்கவால் குரங்குக்கு முக்கிய உணவு. வெடிப்பலா அழிவின் விளிம்பில் உள்ள மரமல்ல. அபூர்வத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் திட்டத்தில் அதற்கு ஒரு வரி கூடக் கிடைக்காது.

நான்காம் படி: எந்த வேலைக்கு மாற்றாள் இல்லை

ஒவ்வொரு வேலைக்கும் சான்று ‘அ’ பெற்ற உயிரினங்களை எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் அவசரமில்லை. இரண்டோ மூன்றோ என்றால் கவனம். ஒன்று அல்லது சுழியம் என்றால் அதுதான் திட்டத்தின் முதல் பக்கம். வேலை, மாற்றாள், அபூர்வம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி ஒரே எண்ணாக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. கூட்டிய எண்ணில் எது காரணமாக மேலே வந்தது என்று தெரியாது, பிறகு எதற்குச் செலவிடுவது என்றும் தெரியாது. பத்திகளைத் தனித்தனியே வைத்து விவாதியுங்கள்.

மாற்றாளை எண்ணும்போது வேலையின் விளைவையும் பாருங்கள். பாறுக் கழுகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து பதினைந்தே ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மாண்டன. கால்நடைக்கு அந்த மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. பிணத்தைத் தின்ன நாய்கள் இருக்கின்றனவே என்று அட்டவணையில் எழுதலாம்தான். ஆனால் நாய் மெதுவாகத் தின்னும், பெருகும், வெறிநோயைச் சுமக்கும், மானை விரட்டும். தமிழகத்தில் பாறுகள் கூடுகட்டும் மாயாற்றுப் பள்ளத்தாக்கைச் சுற்றித் திட்டம் எழுதுவோர், நீர்மருது போன்ற கூட்டு மரங்களோடு ஊர் மருந்துக்கடைகளையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் இருக்கும் இடத்தில் பாறுகளைக் கொல்லாத மெலோக்சிகம் வர வேண்டும். பாறுகளுக்குக் கேடான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டவை. கடைக்காரரிடம் அதையும் சரிபாருங்கள்.

இன்னொன்றும் இந்தப் படியில் எழுதப்பட வேண்டும்: நல்ல வேலையின் தீய பலன். சின்னான் நாட்டு விதையை மட்டும் சுமப்பதில்லை, உண்ணிச்செடியையும் சுமக்கிறது. மரநாய் ரொபஸ்டா காபியைச் சோலைக்குள் விதைக்கிறது. காபிக்கு நிழலாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மேசோப்சிஸ் மரத்தின் பழத்தை இருவாச்சி விரும்பித் தின்று காட்டுக்குள் பரப்புகிறது. குற்றம் பறவையுடையதல்ல, கிடைப்பதைத் தின்கிறது. ஆனால் களை எடுக்கும் திட்டம் இந்தச் சுமையைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஒவ்வொரு மழைக்கும் அதே களை அதே இடத்தில் முளைக்கும்.

ஐந்தாம் படி: இடைவெளியைச் செயலாக மாற்றுவது

சுமப்பவர் இருக்கிறார், வர வழியில்லை என்றால் வழியைத் திறக்க வேண்டும். இருவாச்சிக்குத் துண்டுகளுக்கிடையே உயர்ந்த நாட்டு நிழல்மரங்கள் நின்றால் போதும், பறந்து வரும். சிங்கவால் குரங்குக்குக் கிளையோடு கிளை தொட வேண்டும். இல்லாவிட்டால் சாலையில் இறங்கி வண்டியில் அடிபடும். வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டப்பட்டது இதற்காகத்தான். பாலம் கட்டுமுன் எந்த இடத்தில் கடக்கின்றன என்று பல வாரம் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான தடத்திலிருந்து தள்ளிக் கட்டிய பாலத்தில் ஏறமாட்டா.

கூடு இல்லை என்றால், பருத்த முதிர்ந்த மரங்களையும் நின்றபடி பட்டுப்போன மரங்களையும் வெட்டவிடாமல் காப்பதே முதல் வேலை. இருவாச்சியால் பொந்து குடைய முடியாது; கிளை முறிந்து உளுத்த பொந்துதான் அதன் வீடு. பெண் உள்ளே போய் வாயிலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். ஆண் கொண்டுவரும் உணவில்தான் தாயும் குஞ்சும் வாழும். பெரிய இருவாச்சி ஆண்டுக்கு ஒரு குஞ்சு வளர்த்தால் பெரிது. ஆகவே ஜனவரி முதல் மே வரை கூட்டு மரத்தைச் சுற்றிச் சாலைப்பணியோ கிளை வெட்டோ வெடியோ கூடாது என்று திட்டத்தில் மாதம் குறித்து எழுதுங்கள். ‘தொந்தரவைக் குறைக்கவும்’ என்று எழுதினால் யாரும் எதையும் நிறுத்தமாட்டார்கள்.

சுமப்பவரே இல்லை என்றால் அவர் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்: பெரிய விதை மரங்களின் நாற்றை நடுவது. இங்கே தவறுவது நாற்றின் தேர்வில். நாற்றங்காலில் எளிதாக வளர்வன சிறு விதை மரங்கள். அவையோ சின்னான் தயவில் தாமாகவே வரும். பை, மண், கூலி எல்லாவற்றையும் அவற்றுக்குச் செலவிட்டுவிட்டுக் காட்டு ஜாதிக்காயும் கருங்குங்கிலியமும் வெடிப்பலாவும் பத்துப் பத்து வைத்தால் என்ன பயன்? நூறு நாற்றுக்கு எங்கள் தொடக்க விகிதம்: பெரு விதை மரங்கள் 45, நடுத்தரம் 25, வட்டக்கண்ணி போல விரைந்து வளர்ந்து நிழல் தருபவை 25, பல வகை அத்திகள் 5. திறந்த வெளியில் நிழல்மரத்தை 40 வரை ஏற்றலாம். மேலே மரக்கூரை மூடிய துண்டுக்குள் அது தேவையே இல்லை.

விதையைக் காட்டின் உட்பகுதியில் பொறுக்காதீர்கள், அங்கே அது விலங்கின் உணவு. சாலையிலும் தோட்ட ஓரத்திலும் விழுந்து வீணாவதைப் பொறுக்குங்கள். ஒரு வகைக்குப் பத்துத் தாய்மரங்களிலிருந்தாவது கலந்து எடுங்கள். மழைக்காட்டு விதைகள் பல, உலர்ந்தால் செத்துவிடும்; வெயிலில் காயவைக்கவோ மாதக்கணக்கில் சேமிக்கவோ கூடாது. சதையைக் கழுவி, இரண்டு மூன்று நாளுக்குள் பாதி நிழலில் மணல் பாத்தியில் ஊன்றுங்கள். கருங்குங்கிலியத்தின் ஓடு கெட்டி, முளைக்க மாதங்கள் ஆகும்; முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொத்திவிடாதீர்கள். பைக்கு மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. 45 முதல் 60 செ.மீ. உயரம் வந்தபின், தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்த ஜூன் கடைசி, ஜூலையில் நடவு. குழி 30 செ.மீ. கன சதுரம். திறந்த வெளியில் 2 மீட்டர் இடைவெளி, அதாவது ஹெக்டேருக்கு 2,500. கூரைக்கடியில் 3 முதல் 4 மீட்டர். வேர் பையின் அடியில் சுருண்டிருந்தால் சுருளை வெட்டிவிட்டு நடுங்கள்; இல்லாவிட்டால் இரண்டாண்டு நன்றாக நின்று மூன்றாம் ஆண்டுக் காற்றில் சாயும்.

நட்டபின் மூன்றாண்டு களையெடுப்புக்குப் பணம் ஒதுக்காத திட்டத்தில் நடவையே தொடங்க வேண்டாம். நாற்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம், முதல் இரண்டாண்டு ஆண்டுக்கு மூன்று முறை, பிறகு இரண்டு முறை. மைக்கேனியாக் கொடி ஒரு மழைக்காலத்தில் நாற்றை மூடிக் கொன்றுவிடும். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே வேரை வெட்டித் தூரைத் தலைகீழாகப் போடுங்கள். அதன் அடியில் தானாக முளைத்த நாட்டுக் கன்றுகள் இருக்கும், முதலில் அவற்றுக்குக் குச்சி நட்டு அடையாளமிட்டபின் ஆளை இறக்குங்கள். பறவை உட்காரும் மரங்களின் அடியை முதல் மழை முடிந்த மாதத்தில் ஒருமுறை தனியாகச் சுற்றி வாருங்கள். களை விதை விழும் இடம் அதுதான். காபிக் கன்று முழங்கால் உயரத்துக்குள் இருந்தால் ஈர மண்ணில் கையாலேயே வரும்.

பழம் தரும் அயல் மரங்களை ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம். மேசோப்சிஸைப் பொறுத்தவரை தாய்மரத்தை அப்படியே விட்டு, அதன் நாற்றுகளை ஆண்டுதோறும் பிடுங்குங்கள். நாட்டு மரங்கள் பழுக்கத் தொடங்கியபின் தாய்மரங்களைச் சில ஆண்டுகளில் கட்டம் கட்டமாக எடுங்கள். களை நீக்கம் என்ற பெயரில் பஞ்ச மாதத்துச் சோற்றை எடுத்துவிட்டு, இருவாச்சி வரவில்லை என்று தேடுவதில் பொருளில்லை.

யானை நடமாடும் இடத்தில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. குடியிருப்பிலிருந்தும் பள்ளிப் பாதையிலிருந்தும் 200 மீட்டருக்குள் பலா, மூங்கில், ஈச்சை போன்று யானையை இழுக்கும் எதையும் நடாதீர்கள். காட்டுக்கு நல்லதென்று நட்டதால் ஒரு தொழிலாளியின் உயிர் போகக் கூடாது.

ஆறாம் படி: வேலையைக் குறியாக வைத்துக் கண்காணிப்பது

‘10,000 நாற்று நடப்பட்டது’ என்பது செலவுக் கணக்கு. திட்டத்தின் இலக்கை வேலையாக எழுதுங்கள்: ‘ஐந்தாம் ஆண்டில் துண்டு 3இன் பத்து விதை வலைகளில், தாய்மரம் மேலே இல்லாத பெரு விதைகள் குறைந்தது நான்கில் விழ வேண்டும்’, ‘கருங்குங்கிலியத்தின் ஒரு மீட்டர் உயரக் கன்று தாயிலிருந்து 20 மீட்டருக்கு அப்பாலும் இருக்க வேண்டும்’, ‘மழை முடிந்த மாதத்தில் 24 மணி நேரச் சாண அகற்றல் பக்கத்துப் பெருங்காட்டில் உள்ளதில் பாதியாவது இருக்க வேண்டும்’. ஒப்பிட ஒரு நல்ல காட்டில் அதே அளவைகளை அதே வாரத்தில் எடுத்தாக வேண்டும். ஒப்பீடு இல்லாமல் வரும் எண், வறண்ட ஆண்டின் குறைவா திட்டத்தின் தோல்வியா என்று சொல்லாது.

நாற்றுப் பிழைப்பை ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு முடிவில் எண்ணுங்கள், வகைவாரியாக. மொத்தத்தில் 70 சதவீதம் பிழைத்தது என்ற அறிக்கையில், வட்டக்கண்ணி எல்லாம் நின்று காட்டு ஜாதிக்காய் எல்லாம் செத்தது மறைந்துவிடும். செத்த வகையை அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே வயதில் மறுபடி நடாமல், ஓராண்டு பொறுத்து நிழல் கூடியபின் பெரிய நாற்றாக நடுங்கள். விதை வலையும் கன்றுச் சதுரமும் ஆண்டுக்கு ஒருமுறை, பழமரக் காவல் இரண்டாண்டுக்கு ஒருமுறை, பழ நாட்காட்டி நிறுத்தாமல் மாதாமாதம். மூன்றாண்டுக்கு ஒருமுறை முதல் அட்டவணையை எடுத்து, ‘இ’ என்றிருந்த சான்றுகளில் எத்தனை ‘அ’ ஆயின, மாற்றாள் எண்ணிக்கை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று திருத்துங்கள். குறைந்த வரிக்கு அடுத்த ஆண்டின் பணத்தை முதலில் ஒதுக்குங்கள்.